திருகோணமலையும் புறாத்தீவும்: ஓர் ஆடிமாத அனுபவம்

திருகோணமலைக்குப் போவதென்றால் முதலில் மாதத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலிக் கரைகளில் அலையை எழுப்பிக்கொண்டிருக்கையில், மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் அதே காற்று கிழக்கை உலர்ந்த காற்றாகவே வந்தடைவதால், அங்கே வெயில் தெளிவாகவும் கடல் குளம்போலவும் இருக்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கி வாடைக்காற்றும் எழுந்துவிட்டால் அந்தக் கடலில் இறங்க எண்ணவே கூடாது. நான் சென்றது ஆடி மாதத்தில்.

உப்புவெளிக் கரையில் விடிகாலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்து நின்ற என்னை முதியவர் ஒருவர், "தம்பி, சும்மா நிக்காம ஒரு கை பிடியுங்கோ" என்று அழைத்தார். வலை கரையேறிய பின்னர், புறாத்தீவுக்குப் போகும் எண்ணத்தை அவரிடம் சொன்னேன். "வெள்ளனவே போயிடுங்கோ, காத்துக் கிளம்பினாத் தண்ணி கலங்கிப் போகும்" என்றார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அதுதான்.

நகருக்குள் கோணேசுவரத்தை மட்டுமாவது நிதானமாகப் பாருங்கள். சம்பந்தர் பதிகம் பெற்ற அந்தப் பழைய கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். இன்று, மீண்டும் எழுந்துள்ள கோயிலுக்குச் செல்லும் வழி அந்தக் கோட்டைக்குள்ளேயே போகிறது. வாசற்கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலோர் உள்ளே திரியும் புள்ளிமான்களைப் படமெடுத்துவிட்டு அந்த வாசற்கல்லைக் கவனியாமலே கடந்து போய்விடுவது எனக்கு வருத்தமாக இருந்தது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் அரை நாளுக்குள் பார்த்துவிடலாம்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது புறாத்தீவைப் பற்றி. நிலாவெளிக் கரையிலிருந்து வள்ளத்தில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய இந்தத் தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மாடப்புறாக்கள் பாறைகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர் அது. முகக்கண்ணாடியை அணிந்து, இடுப்பளவு நீரில் முகத்தைத் தாழ்த்தினாலே முருகைக்கற்களும் (பவளப்பாறைகளும்) அவற்றினிடையே கூட்டங்கூட்டமாகத் திரியும் வண்ணமீன்களும் தென்பட்டுவிடும். துடுப்பின் நுனி கறுத்த சிறிய சுறாக்கள் சற்று அப்பால் சென்றன. அவை மனிதரைக் கண்டால் பொதுவாக விலகிப் போகும் இனம் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் அதே நீரில், நீந்திக் களைத்தவர்கள் முருகைக்கல்லின் மேலேயே ஏறி நின்று இளைப்பாறியதையும் பார்த்தேன். அது வெறும் கல்லன்று. மேற்பரப்பெங்கும் மிகச்சிறிய உயிரினங்கள் வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து, உருண்டைத் திரளாக வளரும் வகைகளில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் கட்டியெழுப்பும் வீடு. ஒருவர் ஒரு நிமிடம் மிதித்து நின்றால் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிவிடுகிறது. கடல் வெப்பமடைந்து முருகைக்கற்கள் வெளுத்துப்போகும் இக்காலத்தில், நம் கால்களாலும் அவற்றுக்குச் சேதம் வரவேண்டுமா?

என்னை அழைத்துச் சென்ற வள்ளக்கார அண்ணன் இதில் மிகவும் கண்டிப்பானவர். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் மிதப்பங்கியை மாட்டிவிட்டார். களைத்தால் நிற்க இடம் தேடாமல் மிதந்தபடியே கையை உயர்த்தச் சொன்னார். துடுப்புக் காலணிகளை வள்ளத்திலேயே விட்டுவிட்டு வரச் செய்தார். வெயிலுக்குக் களிம்பு பூசி அதைக் கடலில் கரைப்பதைவிட முழுக்கைச் சட்டையோடு இறங்குவது நல்லது என்றார். நீங்கள் போகும்போது, வள்ளத்துக்குக் கூலி பேசும் முன்னரே இவற்றைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரோடு போங்கள்.