160 சிசி பந்தய வண்டி: ஆயில் கூலர் மாட்டியும் ஹெட் சூடாகிறது, ஏன்?

சூலூர்_160 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 160 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிறேன். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் முகத்தைக் கடைந்து கம்ப்ரஷனை உயர்த்தியிருக்கிறேன். கேம் மாற்றியாயிற்று, கார்புரேட்டரும் ஒரு சுற்றுப் பெரியது. எண்ணெய் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். 10டபிள்யூ-40 முழு சிந்தெட்டிக், ஜாசோ எம்ஏ2 தரம் (எண்ணெயில் நனையும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது).

சித்திரை வெயிலில் மதியப் பயிற்சியின்போது சம்ப்பில் (எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்கும் இடம்) எண்ணெய் 138 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. அந்தச் சூட்டில் கியர் விழ மறுக்கிறது, கிளட்ச் லீவரின் இடைவெளி மாறிவிடுகிறது, நேர்ச்சாலையின் கடைசியில் இழுவை சோர்ந்துபோகிறது. அதனால் பெரிய வண்டி ஒன்றின் ஆயில் கூலரை உக்கடத்தில் பழைய சாமானாக வாங்கினேன். ஃபில்டர் மூடிக்குப் பதிலாக லேத்தில் ஒரு தகடு கடைந்து, அதன் வழியே குழாய்களை இழுத்து, ஹெட்டுக்கு நேர் முன்னால் சேஸ் குழாயில் கூலரை மாட்டினேன்.

எண்ணெய் 124க்கு இறங்கிவிட்டது. ஆனால் இப்போது பிளக் வெளுத்து வருகிறது, ஹெட் சூடாவதன் அடையாளம் அது. திருப்பத்திலிருந்து வெளியே முறுக்கும்போது நாக்கிங் (எரிபொருள் முறைதவறி வெடித்துத் தட்டும்) சத்தம் கேட்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் தொடவில்லை, பிளக் பொறி விடும் டைமிங்கையும் தொடவில்லை. எண்ணெய் குளிர்ந்தால் எஞ்சினும் குளிர வேண்டும் அல்லவா? இன்னும் பெரிய கூலர் போடலாமா, அல்லது சம்ப்பை ஆழமாக்கி அரை லிட்டர் எண்ணெய் கூட்டலாமா?

ஆனைமலை_350 எழுதியது:

கூலர் எல்லாம் எதற்கு? 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். என் பழைய 350 வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த எண்ணெயில்தான் ஏறுகிறது. இரண்டு பேர், பின்னால் மூட்டை வேறு. ஒரு நாளும் முனகியதில்லை.

கணபதி_பட்டறை எழுதியது:

சூலூர் தம்பிக்கு: கேட்ட கேள்விக்கான பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "ஹெட்டுக்கு நேர் முன்னால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் கோளாறு.

உங்கள் எஞ்சினில் ஹெட்டின் சூடு பெரும்பாலும் வெளிப்புறத் தகடுகளான ஃபின் வழியாக நேரே காற்றுக்குத்தான் போகிறது. எண்ணெய் எடுத்துச் செல்வது ஒரு பங்கு மட்டுமே. அந்தப் பங்கும் பிஸ்டனின் அடிப்பக்கம், பேரிங், கியர், கிளட்ச் ஆகிய இடங்களிலிருந்து வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு இருக்கும் மிகச் சூடான முன்பக்கத்துக்குக் குளிர்ந்த காற்று வரும் ஒரே வழியில் நீங்கள் கூலரைக் குறுக்கே நிறுத்திவிட்டீர்கள். வருகிற காற்று குறைந்தது. வருவதும் கூலரில் சூடேறி வருகிறது. எண்ணெய் குளிர்ந்ததும் ஹெட் கொதித்ததும் ஒரே காரணத்தால்தான்.

எண்ணெயை வைத்தே ஹெட்டைக் குளிர்விக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். சுசுகி 1985இல் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 வண்டியில் செய்து காட்டியது. ஆனால் அதற்காக எண்ணெய் பம்பையே இரட்டைப் பம்பாக்கினார்கள். ஒரு பகுதி உயவுக்கு, மற்றது எரியறையின் மேற்கூரையில் எண்ணெயை ஏராளமாகப் பாய்ச்சுவதற்கு. உங்கள் ஹெட்டுக்கு வருவது வால்வை இயக்கும் ராக்கரையும் கேமையும் நனைக்கும் அளவு எண்ணெய் மட்டும். அதை 90 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் வால்வு சீட்டுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

நம் ஊர் டிராக்கும் இதில் இரக்கம் காட்டாது. சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கி.மீ. நீளம், நேர்ச்சாலையில் வண்டி மூச்சு வாங்கிக்கொள்ளும். கரி 2.1 கி.மீ.தான். திருப்பத்துக்குத் திருப்பம் வந்துகொண்டே இருக்கும். சுழற்சி உச்சத்தில் நிற்கும், வேகம் அதற்கு ஈடாக இருக்காது, ஆகவே காற்றும் இருக்காது. கோவை கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருப்பதால் காற்றின் அடர்த்தி நான்கு சதவீதம் குறைவு, குளிர்விப்பும் குறையும் என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அதே நான்கு சதவீதம் எஞ்சினின் சக்தியும் குறைகிறது, அதை விட்டுவிடுங்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஓட்டிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று யாராவது எழுதினாலும் நம்பாதீர்கள். அது கணவாய் செய்த உதவி.

இனி வேலைக்கு வருவோம். கூலரை ஹெட்டின் முன்னாலிருந்து கழற்றுங்கள். இடம் இரண்டு உண்டு: கிராங்க் கேஸுக்கு முன்னால் கீழே, அல்லது ஃபேரிங்கின் (வண்டியின் வெளி உறை) ஒரு பக்கம். கீழே வைத்தால் முன்சக்கரம் கல்லை வீசும், வலை போட வேண்டும். எனக்குப் பிடித்தது பக்கவாட்டு இடம்தான், காற்றைக் கூலருக்குள் திருப்பும் பெட்டி கட்டுவது மட்டும் கொஞ்சம் தொல்லை.

பெட்டி என்றதும் முன்னால் ஒரு புனல் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று சோம்பேறி. கூலரின் நெருக்கமான ஃபின்களுக்குள் நுழைவதைவிடச் சுற்றிப் போவது அதற்கு எளிது. ஆகவே கூலரின் நான்கு ஓரத்திலும் பெட்டி இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும், ஸ்பாஞ்ச் பட்டை வைத்து அடையுங்கள். நுழைவாய் கூலர் முகப்பின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும். அங்கிருந்து மெல்ல விரிந்து வந்தால் காற்று வேகம் தணிந்து அழுத்தமாக மாறும், அந்த அழுத்தம்தான் ஃபின்களுக்குள் தள்ளும். பின்பக்கம் வெளிவாய் நுழைவாயைவிடப் பெரியதாக, ஃபேரிங்கின் வெளிப்புறம் நோக்கித் திறக்கட்டும். வெளியேற வழியில்லாத பெட்டிக்குள் காற்று நுழையவே நுழையாது. நான் பார்த்த கூலர்களில் பாதிக்கு மேல் இந்த வெளிவாய் இல்லாமல் வெறும் அலங்காரமாகத் தொங்குகின்றன.

சிலிண்டருக்கும் இதே கவனம் வேண்டும். ஃபின்களின் முன்பக்கம் காற்று படுகிறது, பின்பக்கம் பார்த்தால் தேங்கிக் கிடக்கிறது. ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டை வெட்டி, இரு பக்கமும் ஃபின் நுனிகளை ஒட்டினாற்போல் வளைத்து, பின்னால் இரண்டு விரல் அகலம் மட்டும் திறந்து விடுங்கள். பழைய காற்றுக் குளிர்விப்பு விமான எஞ்சின்களில் சிலிண்டருக்குச் சிலிண்டர் இப்படித்தான் தகடு சுற்றியிருப்பார்கள். செலவு ஒரு சாப்பாட்டுக் காசு. ஃபின் இடுக்குகளில் பெயின்ட் தடிப்பாக இருந்தால் சுரண்டிவிடுங்கள்.

ஆழமான சம்ப் பற்றி: அரை லிட்டர் எண்ணெய் ஒரு டிகிரி ஏறுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஏறத்தாழ ஒரு கிலோ அலுமினியம் எடுத்துக்கொள்வதுதான். உங்கள் எஞ்சினே இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். சூடு ஏறுவது சற்றுத் தாமதமாகும், நிற்காது. இப்போதிருக்கும் சம்ப்பிலேயே கோட்டுக்கு மேல் ஊற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், அந்தக் கடைசலே சூட்டையும் கூட்டும்.

ஆனைமலை நண்பருக்கு: உங்கள் 350 மலையேறுகிறது, மகிழ்ச்சி. அது 4,000 சுழற்சியில் ஏறுகிறது. தம்பியுடையது பத்தாயிரத்தில் கத்துகிறது. 20டபிள்யூ-50 எண்ணெய் 110 டிகிரியைத் தாண்டும்போதுதான் 10டபிள்யூ-40 எண்ணெய் 100 டிகிரியில் இருக்கும் அளவுக்கு இளகும். ஆகவே சூடு குறையாத வண்டிக்கு அது ஒரு காப்பு, அவ்வளவை ஒப்புக்கொள்கிறேன். சூட்டை அது குறைக்காது. தடித்த எண்ணெயைக் கியர் கடைவதில் ஒரு டிகிரி கூடினாலும் கூடும். ஒன்று மட்டும் தம்பி கவனிக்க வேண்டும்: விலை மலிவு என்று கார் எண்ணெயை ஊற்றினால், அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்து கிளட்ச் வழுக்கும்.

நாக்கிங்கை அடுத்த ஓட்டம் வரை தள்ளிப்போடாதீர்கள். கூலரை இடம் மாற்றும்வரை மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாக்குங்கள், டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்கு இழுங்கள். நாக்கிங்கோடு ஓட்டினால் பிஸ்டன் மேல் ஓட்டை விழும், பிறகு எண்ணெய்ச் சூட்டைப் பற்றிப் பேச எஞ்சின் இருக்காது.

காளிங்கராயன்_வாய்க்கால் எழுதியது:

நான் ஈரோட்டில் ஆலைகளுக்கு வெப்பமானிகள் பொருத்தும் வேலை செய்கிறேன். கணபதி அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 138, 124 என்ற எண்களை நம்புவதற்கு முன் மானியைச் சோதியுங்கள் தம்பி. வடிகால் போல்ட்டிலிருந்து சென்சாரைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் நுனி மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். பாத்திரத்தின் அடியில் பட்டுவிடக் கூடாது. சூலூர் உயரத்தில் தண்ணீர் 98.5 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், 100 காட்டினால் உங்கள் மானி ஒன்றரை டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று பொருள். இதையே ஊட்டியில் செய்தால் 93க்குள் கொதித்துவிடும்.

சம்ப்பில் ஒரே ஒரு சென்சார் வைத்துக்கொண்டு கூலரைப் பற்றி முடிவு எடுக்க முடியாது. கூலருக்குள் நுழையும் குழாயில் ஒன்று, வெளியேறும் குழாயில் ஒன்று வையுங்கள். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் காற்று போதவில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்தும் சம்ப் சூடாகவே இருந்தால் எண்ணெய் ஓட்டம் போதவில்லை, குழாயோ, அதை இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டோ அடைக்கிறது.

ஒரு கணக்கும் தருகிறேன். நிமிடத்துக்கு 4 லிட்டர் எண்ணெய் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கூலரில் 10 டிகிரி குறைந்தால் வெளியேறும் வெப்பம் சுமார் 1.1 கிலோவாட். நம் தோட்டத்துக் கிணற்றில் ஓடும் ஒன்றரை குதிரைசக்தி மோட்டாரின் அளவு. உள்ளங்கை அகலக் கூலருக்கு அது சின்ன வேலை இல்லை.

ஹெட்டுக்குத் தனி மானி வேண்டும். பிளக்கின் வாஷருக்குப் பதிலாக மாட்டும், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வளையம் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

சூலூர்_160 எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். கொதிநீரில் மானி 99 காட்டியது, ஆக எண்கள் சரிதான். நேற்று காலை பயிற்சியில் இரண்டு சென்சாரோடு ஓட்டினேன். நுழைவில் 121, வெளியேறும்போது 118. பேஞ்சோ போல்ட்டையும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே 5 மி.மீ. டிரில் பிட் தாராளமாக நுழைகிறது. டிப்ஸ்டிக்கில் லேசாகப் பெட்ரோல் வாடை வருகிறது. இது ஜெட்டைப் பெரிதாக்கிய பிறகா என்று தெரியவில்லை. பக்கவாட்டில் பெட்டி கட்டப்போகிறேன். ஃபேரிங்கின் அடித்தட்டில் காற்று வெளியேற நான்கைந்து துளைகள் போடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

கணபதி_பட்டறை எழுதியது:

மூன்று டிகிரி. எண்ணெய் தாராளமாக ஓடுகிறது, காற்று கூலரைச் சுற்றிக்கொண்டு போகிறது. இனி பெரிய கூலர் என்ற பேச்சே வேண்டாம், பெட்டியை ஒழுங்காகக் கட்டுங்கள்.

அடித்தட்டில் துளை போடக் கூடாது. எஞ்சின் உடைந்தால் எண்ணெய் டிராக்கில் சிந்தாமல் பிடிக்கத்தான் அது இருக்கிறது. சர்வதேச விதிப்படி மொத்த எண்ணெயில் குறைந்தது பாதியையாவது அது தாங்க வேண்டும். மழைநீர் வடிய விடும் 25 மி.மீ. துளையைக்கூட வெயில் பந்தயத்தில் அடைத்து வைக்க வேண்டும். உங்கள் எண்ணெய் மேல் உங்களுக்குப் பின்னால் வரும் பையன் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். காற்றுக்கு வழியைத் தட்டின் பின்விளிம்புக்கு மேலே விடுங்கள். புதிதாகப் போட்ட குழாய் இணைப்புகள், ஃபில்டர் தகட்டின் போல்ட்டுகள், சென்சார் மாட்டிய வடிகால் போல்ட் எல்லாவற்றுக்கும் துளையிட்டுப் பூட்டுக் கம்பி முறுக்குங்கள். ஆய்வாளர் முதலில் கை வைத்துப் பார்ப்பது அங்கேதான்.

பெட்ரோல் வாடைக்கு இரண்டு காரணம் இருக்கலாம்: ஜெட் கூடிவிட்டது, அல்லது கார்புரேட்டரின் மிதவை ஊசி கசிகிறது. தினசரித்தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுவில் கருத்த பொட்டும் சுற்றிலும் வெளிறிய ஈர வளையமும் அகலமாகப் பரவியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது, எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டாலும் 138 பார்த்த எண்ணெயை நான் வைத்திருக்க மாட்டேன். பத்து டிகிரி கூடினால் எண்ணெய் கெடும் வேகம் இரட்டிக்கும் என்பது பட்டறைக் கணக்கு.

வேலை முடிந்ததும் பந்தயத்தின் நடுவில் எண்ணெய் 100 முதல் 115 டிகிரி வரை நின்றால் போதும், 125ஐத் தாண்டக் கூடாது. மார்கழிக் காலையில் 80க்கும் கீழே நின்றால் கூலர் முகத்தில் பாதிக்கு டேப் ஒட்டுங்கள்; குளிர்ந்த எண்ணெயிலிருந்து தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகாது.

தகடு வளைக்கும் கருவி உங்களிடம் இருக்காது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறைக்கு வாருங்கள், ஃபேரிங்கையும் கழற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள். அட்டையில் அச்சு வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் அலுமினியத்தில் கை வைக்க வேண்டும்.