உபவாசம், எடை, நிறம்: சபைப் பிள்ளைகளோடு பழகுகிறவர்களின் அனுபவப் பகிர்வு

வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர், பாளையங்கோட்டை

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்கள் தொடங்கும் முன்பே கூடுகையில் சொல்லிவிடுங்கள்: உபவாசத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. இறைச்சி இல்லாமல் காய்கறி, பருப்பு, தண்ணீர் என்று எளிய உணவோடு இருக்கும் 'தானியேல் உபவாசம்' 21 நாள் எடுக்கும் பிள்ளைகளில் சிலருக்கு மெலிவதுதான் முதல் நோக்கம், ஜெபம் பெயருக்குத்தான். அவர்களை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. உபவாசம் முடிந்த பிறகும் சாப்பாட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். ஐக்கிய விருந்தில் எல்லாருக்கும் பரிமாறுவார்கள், தங்களுக்குத் தட்டு எடுக்க மாட்டார்கள். ஒருவேளை சாப்பிட்டுவிட்டால் பாவம் செய்தவர்போல் அழுவார்கள்.

அப்படிப்பட்டவரோடு உட்கார்ந்து தானியேல் 1:15ஐ வாசியுங்கள். பத்து நாள் பருப்பும் தண்ணீரும் எடுத்தபின் தானியேல், அவர் நண்பர்கள் மூவர் ஆகிய நால்வரின் சரீரம் 'புஷ்டியுள்ளதாய்' காணப்பட்டது என்றுதான் எழுதியிருக்கிறது. மெலிந்தார்கள் என்று இல்லை. அடுத்து 1 இராஜாக்கள் 19. சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு தடவை.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருசந்தி என்னும் உபவாசம் 18 வயதிலிருந்து 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்குத்தான் கடமை. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறிய வேளை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. மற்ற சபைகளும் குறைந்தபட்சம் அந்த வயது வரம்பையாவது எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டில் ஏற்கெனவே சிக்கல் உள்ள பிள்ளைக்கு உணவு உபவாசமே கூடாது. அதற்குப் பதில் மாலை 6 மணிமுதல் 9 மணிவரை செல்போனை அம்மாவிடம் கொடுத்துவிடும் உபவாசம் போதும்.

மருத்துவமனை ஆற்றுப்படுத்துநர், மதுரை

அண்ணன் சொன்னதோடு உடம்பில் பார்க்க வேண்டியதையும் சேர்க்கிறேன். மூன்று மாதம் மாதவிடாய் வராமல் இருப்பது, எழுந்தால் தலைசுற்றல், வெயிலிலும் குளிர்வது, கொத்தாக முடி உதிர்வது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போவது, காதுக்குக் கீழே கன்னம் வீங்கியிருப்பது. கடைசி இரண்டும் வாந்தி எடுப்பதைக் காட்டலாம். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இந்தக் கட்டத்தில் ஜெபமும் வேண்டும், அதே நாளில் மருத்துவரும் வேண்டும். 'விசுவாசம் குறைவு' என்று சொன்னால் பிள்ளை இன்னும் ஆழமாக ஒளித்துக்கொள்ளும்.

முக்கியமான ஒன்று: ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்கு வீட்டில் பிரியாணி செய்து ஈடுகட்ட வேண்டாம். திடீரென்று நிறைய சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்டுவார்கள்.

யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். பையன்களையும் மறந்துவிடாதீர்கள். ஜிம்மில் தோள் அகலவில்லை என்று மணிக்கணக்காகக் கிடக்கிறவனை 'நல்ல பிள்ளை, கெட்ட பழக்கம் இல்லை' என்று விட்டுவிடுகிறோம்.

தோல் மருத்துவப் பிரிவு செவிலியர், நாகர்கோவில்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சிவப்பழகு க்ரீம் வாங்கிப் பூசுவது நம் விசுவாசக் குடும்பங்களிலும் நடக்கிறது. டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து இரத்த நாளம் தெரியும், பருவும் மீசைமுடியும் வரும், வெயில் பட்டால் எரியும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் முகம் சிவந்து இன்னும் மோசமாகும். அதனால் டியூபைக் கையோடு கொண்டுபோய்த் தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். பெயரே போடாத டப்பா க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

திருமண விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட, சிவந்த நிற மணமகள் தேவை' என்று எழுதித் தரும் பெற்றோரிடம் அந்த நிறச் சொல்லை எடுத்துவிடச் சொல்ல வேண்டியது போதகரின் வேலை.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி

தேவன் நம்மை அதிசயமாய் உண்டாக்கினார் என்று சொல்லும் சங்கீதம் 139:14ஐ மனப்பாடம் செய்யவைத்து ஸ்டிக்கர் கொடுத்தால் வேலை முடியாது. வசனம் சொன்னதும் தாளில் தன் கையை வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் இந்த வாரம் உடம்பு செய்த ஒரு காரியத்தை எழுதச் சொல்லுங்கள்: தம்பியைத் தூக்கினேன், கோலம் போட்டேன். 'அழகான கண்' என்று எழுதினால், அந்தக் கண்ணால் எதைப் பார்த்தாய் என்று கேளுங்கள்.

1 சாமுவேல் 16:7, கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் என்ற வசனத்தை நடத்தினால், கெட்டிக்காரப் பிள்ளை 12ஆம் வசனத்தையும் படித்துவிட்டு 'தாவீது அழகாகத்தானே இருந்தான்?' என்று கேட்கும். மழுப்பாதீர்கள். அழகைக் கர்த்தர் வெறுக்கவில்லை, தாவீதின் அண்ணன் எலியாபின் உயரத்தைக் கண்டு சாமுவேல் அவனை ராஜாவாகத் தெரிந்தெடுக்கப் பார்த்ததைத்தான் தடுத்தார். மேசியாவைப் பற்றி ஏசாயா 53:2 'அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை' என்று சொல்வதையும் அப்போதே காட்டுங்கள்.

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது கவனம் தேவை. சிவந்த பிள்ளை மரியாள், ஒல்லிப் பிள்ளைகள் தேவதூதர்கள், கறுத்த பிள்ளை ஏரோதின் சேவகன் என்று வருடாவருடம் போட்டால், வசனத்தைவிட அதுதான் மனதில் நிற்கும். குரலையும் வசனம் மனப்பாடமாவதையும் பார்த்து எடுங்கள், இல்லையென்றால் சீட்டுக் குலுக்குங்கள். தேவதூதர் உடையைப் பெரிய அளவிலும் இரண்டு தைத்து வையுங்கள். உடை பத்தாமல் எல்லார் முன்னாலும் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப நேரக்கூடாது.