கொலம்பேரியத்துக்கும் புறாவுக்கும் என்ன சம்பந்தம்?

மண்டாய்வாசி:
சிங்கப்பூரில் அஸ்திக் கலயங்களை வைக்கும் மாடங்கள் உள்ள இடத்தைக் கொலம்பேரியம் என்கிறோம். அகராதியில் பார்த்தால் அதே சொல்லுக்குப் புறாக்கூண்டு என்றும் பொருள் போட்டிருக்கிறது. எப்படி? அப்புறம், ஐரோப்பாவில் புறாவுக்கென்று கல்லிலேயே வீடு கட்டினார்களாமே, அது எதற்கு, கடிதம் அனுப்பவா?

கொத்தனார் பேரன்:
முதல் கேள்வி சுலபம். கொலம்பா என்றால் லத்தீனில் புறா, கொலம்பேரியம் புறா வீடு. ரோமானியர்கள் அஸ்தி வைத்த நிலவறைகளில் சுவர் முழுக்க வரிசையாகக் குழிகள் இருந்ததால் அந்தப் பெயர் அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவதற்குப் பதில், கறி. இன்னும் பறக்கத் தொடங்காத, சுமார் 4 வாரக் குஞ்சாகப் பார்த்து எடுப்பார்கள், பறந்து பழகிவிட்டால் நெஞ்சுக்கறி இறுகிவிடும். இங்கிலாந்தில் பெட்ஃபர்ட்ஷயரில் வில்லிங்டன் என்ற ஊரில் 16ஆம் நூற்றாண்டுக் கல் வீடு ஒன்று இன்னும் நிற்கிறது, உள்ளே சுமார் 1500 பொந்துகள். வட்டமான வீடுகள் சிலவற்றில் நடுவே சுழலும் கம்பம் நட்டு, அதிலிருந்து நீளும் கைகளில் ஏணியைப் பொருத்தியிருப்பார்கள். ஏணியில் நின்றபடியே சுவரைத் தள்ளிச் சுற்றி வந்து ஒவ்வொரு பொந்தாகக் கைவிடலாம், இறங்கி ஏற வேண்டியதே இல்லை. எனக்கு இதில் பிடித்ததே அந்த ஏணிதான்.

களத்துமேடு:
கூண்டு என்று சொல்லாதீர்கள், விஷயமே மாறிப்போகும். புறாக்களை அடைத்து வைக்கவில்லை. காலையில் பறந்து போய் ஊரான் வயலில் விதையையும் கதிரையும் மேய்ந்துவிட்டு, பிரபுவின் கோபுரத்தில் வந்து அடையும். தீனிச் செலவு குடியானவனுக்கு, கறி பிரபுவுக்கு! பிரான்சின் பல பகுதிகளில் புறாக் கோபுரம் கட்டுவது பிரபுக்களுக்கு மட்டுமே உரிய உரிமை, தன் பயிரைத் தின்கிற புறாவை உழவன் அடிக்கவும் கூடாது. 1789இல் ஊர் ஊராக எழுதி அனுப்பிய மனுக்களில் இந்தப் புறாத் தொல்லையும் இருந்தது. அந்த ஆகஸ்டில் பிரபுத்துவ உரிமைகளை ஒழித்தபோது இதையும் சேர்த்தே ஒழித்தார்கள். ஊர் குறிக்கும் காலத்தில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும், மீறி வெளியே வந்தால் அவரவர் நிலத்தில் சுடலாம் என்றானது.

மண்டாய்வாசி:
நன்றி அண்ணே. அப்படியானால் உழவனுக்குப் புறாவால் ஒரு லாபமும் இல்லையா?

தர்பூசணி:
ஈரானுக்குப் போனால் கதையே வேறு சார். இஸ்பஹானைச் சுற்றி சஃபாவி மன்னர்கள் காலத்தில் பச்சைச் செங்கல்லில் பெரிய பெரிய புறாக் கோபுரங்கள் கட்டினார்கள், கறிக்காக இல்லை, எச்சத்துக்காக. ஆண்டுக்கு ஒரு முறை கதவைத் திறந்து அள்ளி முலாம்பழத் தோட்டங்களுக்கு உரமாகப் போடுவார்கள். தோல் பதனிடவும் அது உதவியது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஜான் ஷார்தான் என்ற பிரெஞ்சுப் பயணி, நகரைச் சுற்றி 3000 கோபுரங்களுக்குக் குறையாது என்று கணக்குச் சொல்கிறார். ரசாயன உரம் வந்தபின் தேவை போய்விட்டது, இப்போது நிற்பவற்றில் பல பாழடைந்தவை.

மண்டாய்வாசி:
பாம்பு ஏறாதா? இவ்வளவு குஞ்சும் முட்டையும் ஒரே இடத்தில் இருந்தால் விடுமா?

தர்பூசணி:
ஏறப் பார்க்கும். அதற்குத்தான் கோபுரத்தின் வெளிப்பக்கம் ஒரு பட்டை மட்டும் வழுவழுப்பாகச் சாந்து பூசி வைத்தார்கள், பிடிமானம் கிடைக்காது.

கொத்தனார் பேரன்:
இங்கிலாந்தில் தொல்லை எலிதான். தரையை ஒட்டிய பொந்துகளை அடைத்துவிட்ட பழைய வீடுகளைப் பார்க்கலாம்.