முள்கம்பி கிழித்த இடத்தில் வீக்கம், திங்கள் வரை எப்படிச் சமாளிப்பது?

எங்கள் மணி 4 வயது நாட்டு நாய், 18 கிலோ இருப்பான். போன செவ்வாய் பக்கத்துத் தோட்டத்து முள்கம்பிக்குள் நுழைந்து தோளில் கிழித்துக்கொண்டு வந்தான். இரண்டு அங்குலக் கீறல்தான். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டேன். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார், அதைப் பத்தே நிமிடத்தில் நக்கித் தீர்த்துவிட்டான்.

மேல்தோல் காய்ந்துவிட்டது. ஆனால் நேற்றிலிருந்து அதன் கீழே எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். தொட்டால் சூடு, நடுவில் கொழகொழவென்று இருக்கிறது. உள்ளே சீழ் கட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறான், வாலாட்டுகிறான். அங்கே கை வைத்தால் மட்டும் உறுமல். காய்ச்சல் பார்த்தேன், 102.8 டிகிரி. நாய்க்கு 102.5 வரை சாதாரணம் என்பதால் கொஞ்சம் கூடுதல்தான்.

இங்கே கால்நடை டாக்டர் திங்கள்கிழமைதான் வருவார். அதுவரை வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில், நாளைக்கு மூன்று முறை பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கிறேன். இது சரிதானா? தானாக உடைந்தால் உப்புத் தண்ணீர் மட்டும் போதுமா? பக்கத்து வீட்டு அண்ணன் ஊசியால் குத்திவிடச் சொல்கிறார், எனக்கு அதில் உடன்பாடில்லை. பாரசிட்டமால் நாய்க்கு ஆபத்து என்பதால் கொடுக்கவில்லை.

நக்காமலிருக்க பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினேன். கோபித்துக்கொண்டு கட்டிலடியில் கிடக்கிறான். எந்த அறிகுறி தெரிந்தால் திங்கள் வரை காத்திராமல் வண்டி பிடித்து டவுனுக்கு ஓட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.