பின் டயரில் 32 பிஎஸ்ஐ காத்து வைத்தால் காலையில் 27 காட்டுகிறது. டயரையும் மாற்றணுமா?

கிக்கர்_உதை:
பல்சர் 150, டியூப்லெஸ். ஸ்டிக்கரில் முன்னால் 25, பின்னால் சிங்கிள்ஸ் 28, டபுள்ஸ் 32 என்று இருக்கு. மத்தியானம் பங்க்கில் பின்னால் 32 வைத்தேன், மறுநாள் காலை வீட்டில் காத்து அளக்கும் கேஜில் 27. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாச்சு, பஞ்சர் இல்லை. பின் டயர் நடுவில் தட்டை, ஓரத்தில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடு) நன்றாக இருக்கு. முன் டயரில் பட்டன் பாதிக்கு மேல் இருக்கு, ஆனால் பக்கவாட்டிலும் பட்டன் இடுக்கிலும் வெடிப்பு. அதன் தேதி எண் 1419. எதை முதலில் மாற்றுவது? மழைக்குக் காத்தைக் குறைத்தால் கிரிப் கூடும் என்கிறார்களே, சரியா?

வால்வுமூடி:
காத்து எங்கேயும் போகல தம்பி. வெயிலில் ஓடி வந்த டயரில் 32 வைத்தீர்கள், அதுதான் விஷயம். இந்தப் பிரஷரில் சூடு 10 டிகிரி ஏறினால் கேஜ் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். மத்தியானம் ஓடி வந்த டயருக்கும் விடிகாலை டயருக்கும் 25, 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அதிலேயே 4 போச்சு. மிச்சம் ஒன்று உங்கள் கேஜுக்கும் பங்க் கேஜுக்கும் உள்ள பேதம். ஸ்டிக்கர் எண் குளிர்ந்த டயருக்கு மட்டும். வண்டி 3 மணி நேரமாவது நின்றிருக்கணும்.

பங்க் தூரமா? காலையில் கிளம்பும் முன் சொந்த கேஜில் பாருங்கள். 27 இருக்கு, 32 வேணும், குறை 5. பங்க்கில் அதே கேஜை வைத்தால் சூட்டில் 30 காட்டலாம்; 35 வரை அடியுங்கள். 32-லேயே நிறுத்தினால் மறுநாள் 29-தான் நிற்கும். சூட்டில் எண் கூடிவிட்டது என்று காத்தைத் திறந்துவிடவே கூடாது.

கேஜை வால்வில் நேராக அழுத்தணும். சாய்ந்தால் உஸ்ஸென்று கசிந்து குறைத்துக் காட்டும். இரண்டு தடவை ஒரே எண் வந்தால் நம்பலாம். கடைசியில் வால்வு வாயில் எச்சில் ஒரு துளி. குமிழ் விட்டால் வால்வுக்குள் இருக்கும் ஊசி தளர்ந்திருக்கு, இல்லையென்றால் மண் உட்கார்ந்திருக்கு. மூடி இல்லாமல் ஓடும் வண்டிகளில் இது சகஜம், என் பெயரே அதற்காகத்தான்! டயர் மேலேயே எழுதியிருக்கும் மேக்ஸ் பிரஷரைப் பார்த்து அடிப்பவர்களும் உண்டு. அது டயர் தாங்கும் உச்சம், உங்கள் வண்டிக்கான அளவு இல்லை.

மொட்டை_டயர்:
நேர் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்குப் பின் டயர் நடுவில் தட்டையாவது இயல்பு. காத்து அதிகம் வைத்தால் அது சீக்கிரம் நடக்கும். காத்து குறைந்தால் ஓரங்கள் முதலில் தேயும், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும்.

மாற்றும் நேரத்தை ஓரத்துப் பட்டனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கச்சுவரின் மேல் விளிம்பில் சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ (TWI) என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராக மேலே போனால் பள்ளத்துக்குள் குறுக்காக ஒரு ரப்பர் திட்டு தெரியும். பட்டன் அந்தத் திட்டோடு ஒரு இடத்தில் சமமாகிவிட்டாலும் டயர் முடிந்தது. இரு சக்கரத்துக்குச் சட்டக் கணக்கு 0.8 மில்லிமீட்டர். ஆனால் மழை ரோட்டில் அதுவரை காத்திருக்கிறவர் தைரியசாலி.

1419 என்றால் 2019-ம் ஆண்டின் 14-வது வாரம். 5 வருஷம் தாண்டிய டயரை வருஷா வருஷம் கழற்றிப் பார்க்கணும், ஓடாமல் நின்றிருந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் வேண்டாம். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு மட்டும் இருந்தால் கொஞ்ச நாள் தள்ளலாம். நகம் மாட்டுகிற ஆழமோ, பட்டன் இடுக்கின் அடியில் வெடிப்போ இருந்தால் தள்ளக்கூடாது. பக்கச்சுவர் எங்கேயாவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கு, அன்றைக்கே மாற்றணும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முன் டயர்தான் முதலில். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க வாய்ப்புண்டு, முன் சக்கரம் வழுக்கினால் கீழேதான்.

சேற்றுவழி:
மழைக்குக் காத்துக் குறைப்பது தப்பு. காத்து குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், பட்டன்கள் நெருங்கிப் பள்ளம் அடைபடும், தண்ணீர் வெளியேற வழியிருக்காது. டயர் தண்ணீர் மேல் மிதப்பதும் குறைந்த வேகத்திலேயே ஆரம்பிக்கும். மணலிலும் சேற்றிலும் குறைப்பார்கள், அங்கே டயர் புதையாமல் பரவணும். தார் ரோட்டுக்கு அந்தக் கணக்கு ஆகாது.

கிக்கர்_உதை:
திட்டைத் தேடிப் பார்த்தேன், பின் டயரில் மூன்று இடத்தில் சமமாகிவிட்டது. முன் டயரின் இடுக்கு வெடிப்பிலும் நகம் மாட்டுகிறது. இரண்டையும் மாற்றிவிடுகிறேன். கடையில் எதைக் கவனிக்கணும்?

வால்வுமூடி:
காசு கொடுக்கும் முன் புது டயரின் தேதி எண். முழு எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், திருப்பிப் பாருங்கள். அடுத்து அளவு. பின்னால் 100/90-17 55பி என்றால் 55 என்பது டயர் தாங்கும் எடை 218 கிலோ, பி என்பது உச்ச வேகம் 150 கிமீ. இதற்குக் கீழே வாங்காதீர்கள், அகல டயர் ஆசையும் வேண்டாம்.

மாட்டும்போது ரப்பர் வால்வும் புதிதாகவே போடச் சொல்லுங்கள், டயர் வாங்கும் காசில் அது பெரிசில்லை. ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், மெதுவாகக் காத்து இறங்கும் தொல்லை பாதி அங்கேதான். சுழலும் திசைக்கான அம்புக்குறி சரியா பாருங்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வரணும். காத்தடித்ததும் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரியணும். ஒரு இடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால் டயர் உட்காரவில்லை. காத்தை இறக்கி, சோப்பு தடவி மறுபடி அடிக்கணும்.

மொட்டை_டயர்:
பின் சக்கரம் மாட்டியதும் செயின் தொய்வையும், செயினை இறுக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் உள்ள அளவுக் கோடுகளில் சக்கரம் ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதையும் நீங்களே பாருங்கள். டிரம் பிரேக் என்றால் பெடல் ஆட்டத்தைத் திரும்ப வைக்கணும். டிரம்மைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டு, அது கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அவசரத்தில் மாட்ட மறப்பது அந்த ஸ்ப்ளிட் பின்னைத்தான். புது ரப்பர் மேல் அது வார்த்த அச்சின் வழவழப்பு இருக்கும், முதல் 150 கிமீ வளைவில் சாய்க்காமல் ஓட்டுங்கள்.