கவிழ்த்து வைத்த ஐஸ் ட்ரே

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அறிவியல் புனைவு நகைச்சுவைப் படங்களின் மேல் எனக்குப் பிடிப்பு உண்டானதற்கு என் அம்மாதான் காரணம். ஊரடங்குக் காலத்தில் திருச்சி வீட்டில் இருந்தபோது, ஜான் கார்ப்பென்டர் இயக்கி 1974இல் வெளிவந்த 'டார்க் ஸ்டார்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா, விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறை திரையில் வந்ததும் கையை நிறுத்திவிட்டு, "இது நம்ம வீட்டு ஐஸ் ட்ரேதானே?" என்று கேட்டார். படத்தை நிறுத்திவைத்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். அந்த அறையில் வரிசையாக ஒளிர்ந்த பொத்தான்கள், கவிழ்த்து வைத்து அடியில் விளக்குப் போட்ட பிளாஸ்டிக் ஐஸ் ட்ரேக்களே.

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கார்ப்பென்டரும் அவருடைய நண்பர் டான் ஓபானனும் 1970இல் மாணவர் படமாகத் தொடங்கி, பணம் கிடைக்கக் கிடைக்க வளர்த்து, ஏறத்தாழ 60,000 டாலர் செலவில் முழுநீளப் படமாக முடித்தது இது. 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் செலவானது என்பதோடு இதை வைத்துப் பார்த்தால், அந்த மாணவர்கள் எதை நம்பி இறங்கினார்கள் என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. அம்மாவுக்கு அந்த வியப்பு இல்லை. நவராத்திரிதோறும் கொலுப்படிக்குக் கீழே கண்ணாடித் துண்டைக் குளமாகவும், முளைவிட்ட கேழ்வரகைப் புல்வெளியாகவும் வைத்துப் பழகியவர் அவர். கண்ணாடி என்று தெரிந்துகொண்டே அதைக் குளமாகப் பார்ப்பது அவருக்கு இயல்பாக இருந்ததால், ஐஸ் ட்ரேயைக் கண்டுபிடித்த பிறகுதான் படத்தை இன்னும் ஆர்வமாகப் பார்த்தார்.

அந்தக் கலத்தில் வளர்க்கப்படும் வேற்றுலக உயிர் ஒன்று வருகிறது. காற்றடைத்த கடற்கரைப் பந்து ஒன்றுக்கு அடியில் நகமுள்ள இரண்டு கால்களைப் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குத் தீனி போடப் போய், துரத்திக்கொண்டு ஓடி, லிஃப்ட் கிணற்றில் தொங்க நேரும் பின்பேக் என்ற பாத்திரத்தில் ஓபானனே நடித்திருக்கிறார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பின்னாளில் இதே காட்சியின் பாடத்திலிருந்துதான், சிரிக்கவைக்க முடியாவிட்டால் நடுங்கவாவது வைப்போம் என்று முடிவு செய்து, 1979இல் வெளிவந்த 'ஏலியன்' படத்தின் திரைக்கதையை ஓபானன் எழுதினார். பந்துக்குள் ஒளிந்திருந்த பயத்தை அவர் அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் என்னை அசைத்தது கடைசிப் பகுதி. கலத்தின் அடியில் சிக்கிக்கொண்ட 20ஆம் எண் வெடிகுண்டு, தான் வெடிப்பது உறுதி என்கிறது. அதற்கு அறிவும் உண்டு, பேச்சும் உண்டு. கலத்தின் பொறுப்பில் இருக்கும் டூலிட்டில் விண்ணுடை அணிந்து வெளியே போய், நீ இருக்கிறாய் என்பது உனக்கு எப்படித் தெரியும், உனக்கு வெளியே உலகம் இருப்பதை எதை வைத்து நம்புகிறாய், வெடிக்கச் சொன்ன ஆணை உண்மையில் வந்ததுதான் என்பதற்கு என்ன சான்று என்று அதனிடம் தத்துவம் பேசுகிறார். குண்டு சிந்தனையில் ஆழ்ந்து, யோசித்துவிட்டு வருகிறேன் என்று கலத்துக்குள் திரும்பிப் போகிறது. காட்சியில் இருப்பவை ஒரு விண்ணுடை, ஒரு குண்டின் உருவம், இரண்டு குரல்கள். கோடிகளைக் கொட்டினாலும் இதைவிட நல்ல காட்சியாக ஆக்கியிருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் அங்கே நம்மைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கேள்வி. வசனங்களை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "பாவம் அந்தக் குண்டு, முன்னாடியே யாராவது அதோட உக்காந்து பேசியிருக்கலாம்" என்றார்.

வேண்டுமென்றே மட்டமாக எடுத்து, மட்டமாக இருப்பதையே வேடிக்கையாக விற்கும் படங்களும் இந்த வகையில் ஏராளம். அவற்றில் எனக்கு ஈடுபாடு இல்லை. இருப்பதை வைத்து ஒரு கற்பனையை முழு மனத்தோடு நடத்திக் காட்டுபவர்களின் படங்களையே தேடுகிறேன். 2015இல் ஆர். ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' படத்தில், கால இயந்திரம் கையில் கிடைத்த நண்பர்கள் அதைச் சோதிடத் தொழிலுக்குத் துணையாக்கி, காணாமற்போன பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் இடத்தில் திரையரங்கமே சிரித்தது. வருங்காலத்தின் இயந்திரம் நம் தெருவுக்கு வந்தால் முதலில் அந்த வேலைக்குத்தான் போகும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்ட சிரிப்பு அது.

சென்ற கோடை விடுமுறையில் வந்திருந்த அக்கா மகளோடு பார்த்தது, ஜப்பானின் கியோட்டோ நகரத்து நாடகக் குழுவான யூரோப் கிகாகுவின் 'பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்'. மகோதோ உயேதா எழுதி, ஜுன்தா யமகுச்சி இயக்கி 2020இல் வெளிவந்த இப்படம், 70 நிமிடங்களும் ஒரே வீச்சில் எடுத்தது போலத் தோன்றும், கைப்பேசியில் படம்பிடித்தது. காப்பிக் கடை நடத்தும் கதோவின் மாடி அறைக் கணினித் திரையில், கீழே கடையிலுள்ள திரையின் முன் நின்று இரண்டு நிமிடத்துக்குப் பிந்தைய கதோ பேசுகிறான். கேட்டவன் கீழே ஓடிப்போய், இரண்டு நிமிடத்துக்கு முந்தைய தனக்கு அதே சொற்களைச் சொல்ல வேண்டும். நண்பர்கள் இரண்டு திரைகளையும் எதிரெதிரே வைத்ததும், பிம்பத்துக்குள் பிம்பமாக, இரண்டிரண்டு நிமிடங்களாக வருங்காலம் நீண்டுகொண்டே போகிறது. பார்த்துவிட்ட வருங்காலத்தைப் பிசகாமல் நடித்துத் தீர்க்க வேண்டுமே என்று அவர்கள் படும் பதற்றத்திலிருந்துதான் சிரிப்பெல்லாம் பிறக்கிறது. வசனத்தையும் நேரத்தையும் பிசகாமல் பிடிப்பது நாடகக்காரர்களின் அன்றாடத் தொழில் என்பதால், பணம் இல்லாத இடத்தை அவர்களுடைய பயிற்சியே நிரப்பியிருக்கிறது.

பதின்மூன்று வயதுப் பெண் சும்மா இருப்பாளா? மறுநாள் காலையிலேயே நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அம்புக்குறிகளோடு நேர வரைபடம் போட்டாள். முதலில் கூடத்தில் நின்று, இரண்டு நிமிடத்துக்கு முந்தைய தனக்குச் செய்தி சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்தாள். பிறகு அதை மாடியில் ஓடவிட்டு, அதற்குப் பதில் பேசி நடித்து, படியிறங்கி ஓடிவந்து, அதே இடத்தில் அதே சொற்களை அதே முகத்தோடு மறுபடி சொல்ல வேண்டும். சொற்கள் மூன்றாம் முறை சரியாக வந்தன. ஆனால் பதிவில் அவள் பேச்சுக்கு நடுவே குக்கர் விசில் ஒன்று கேட்டிருந்தது. அம்மா மறுபடியும் குக்கரைத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, வெயிட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். விசில் அரை நிமிடம் தாமதமாக வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, முதல் பதிவிலிருந்தே திரும்ப எடுக்கத் தொடங்கினோம். அன்று சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டது.