புளோரன்ஸ் பழைய நகரத்துக்குள் அபார்ட்மென்ட்: பணம் கட்டும் முன் எதையெல்லாம் கேட்கணும்?

வைகைக்கரை:

வணக்கம். அக்டோபர் 28 முதல் நவம்பர் 3 வரை, ஆறு இரவுகள், புளோரன்ஸில் தங்கப் போகிறோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், 9 வயது மகள், மொத்தம் ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். வேளாவேளைக்குச் சமைக்கணும் என்பதால்தான் ஹோட்டல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். சியெனாவிலிருந்து வாடகைக் காரில் வருகிறோம். வந்து சேர இரவு எட்டு தாண்டிவிடும்.

மூன்று வீடுகளைப் பொறுக்கி வைத்திருக்கிறோம்.

அ) துவோமோ பேராலயம் அருகில். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. "பிலோகாலே, 6 பேர்" என்று போட்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் குவிமாடம்.
ஆ) சாந்தோ ஸ்பிரிதோ சதுக்கத்தைப் பார்த்தபடி. முதல் மாடி, இரண்டு படுக்கையறை.
இ) பியாட்சா தசேலியோ பக்கம். இரண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு, இரண்டு படுக்கையறையும் ஒரு சோஃபா-பெட்டும்.

வாடகை மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதை எடுக்கலாம்? வீட்டுக்காரரிடம் என்ன கேட்டு வாங்கிக்கொள்ளணும்? காரை என்ன செய்வது?

கல்தச்சன்:

அம்மாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால் (அ) இப்போதே கழிந்தது. அங்கே மாடிக் கணக்கை நம்பவே கூடாது. பழைய மாளிகைகளில் கூரை உயரம் நாலு மீட்டருக்கு மேல்கூட இருக்கும். ஒரு மாடி ஏறவே 25, 30 படி ஆகும். "மூன்றாம் மாடி" என்றால் நவீனக் கட்டடத்தில் ஐந்தாம் மாடி ஏறுகிற மாதிரிதான். படிகள் சாம்பல் நிற பியெத்ரா செரேனா கல். நூற்றாண்டுக்கணக்கில் மிதிபட்டு நடுவில் குழிந்திருக்கும், ஈரக்காலோடு ஏறினால் வழுக்கும். கைப்பிடி பெரும்பாலும் ஒரு பக்கம்தான். அதனால் "எத்தனையாவது மாடி" என்று கேட்காதீர்கள். "தெருவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி" என்று கேளுங்கள். எண்ணிச் சொல்லத் தயங்குகிற வீட்டுக்காரரை நான் நம்ப மாட்டேன்.

லிஃப்ட் இருக்கிறது என்பதும் பாதிப் பதில்தான். பிற்பாடு படிக்கட்டின் நடுவே சொருகிய கூண்டுகள் அவை. இரண்டு பேர் நின்றால் பெட்டிக்கு இடம் இருக்காது. பல இடங்களில் தெருவாசலிலிருந்து லிஃப்ட் வாசலுக்கே ஐந்தாறு படி ஏறணும். உள்கதவு, வெளிக்கதவு இரண்டையும் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். யாராவது மேலே கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் கீழே நிற்பவர் ஏறித்தான் போகணும். லிஃப்ட் உள்ளளவு, அதற்கு முன்னால் உள்ள படி எண்ணிக்கை இரண்டையும் (இ) வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

அறைக் கணக்கு இன்னொரு பொறி. பிலோகாலே என்றால் கூடத்தையும் சேர்த்து இரண்டே அறை, அதாவது படுக்கையறை ஒன்று. உங்களுக்கு வேண்டியது திரிலோகாலே, மூன்று அறை. அந்த ஒற்றைப் படுக்கையறையில் "6 பேர்" எப்படி அடங்குகிறார்கள் என்றால், கூடத்தில் ஒரு சோஃபா-பெட், கூரைக்கு அடியில் சொப்பால்கோ என்கிற மரப்பரண். பரணுக்கு ஏணி மாதிரி செங்குத்தான படி. மேலே நிமிர்ந்து நிற்க முடியாது. புகைப்படத்தில் கட்டிலுக்குப் பின்னால் மரக்கம்பித் தடுப்பு தெரிந்தால் அது பரண்தான். பெரியவர்கள் இரவில் எழுந்து இறங்குகிற இடம் அல்ல அது.

மின்மினி:

சமைக்கிறதுதான் முக்கியம்னா மின்சாரத்தை முதல்ல கேளுங்க. இத்தாலியில சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாட். பத்து சதவீதம் கூட, அதாவது 3.3 வரைக்கும் மீட்டர் விட்டுக்கொடுக்கும். 4-ஐத் தாண்டினா சில நிமிஷத்துல வெட்டிடும். ஓவன் 2 கிலோவாட், வாஷிங் மெஷின் தண்ணி சூடாக்கும்போது 2, கெட்டில் 2, ஹேர் டிரையர் 1.8. இதுல எந்த ரெண்டைச் சேர்த்தாலும் 3.3 எல்லை தாண்டிடும். இண்டக்ஷன் அடுப்பு இருக்கிற வீடுன்னா இன்னும் கவனம். அந்த மாதிரி வீட்டுக்கு 4.5 இல்லைன்னா 6 கிலோவாட் இணைப்பு இருக்கான்னு கேளுங்க.

கரண்ட் போச்சுன்னா வீட்டுக்குள்ள இருக்கிற பெட்டியை முதல்ல பாருங்க. ஸ்விட்ச் ஏதாவது கீழே விழுந்திருந்தா அங்கேயே தூக்கிவிட்டாப் போதும். எல்லாம் மேலேயே இருந்தும் கரண்ட் இல்லைன்னா விழுந்தது மீட்டர். அது பெரும்பாலும் தரைத்தளத்துல வாசல் நடையிலயோ நிலவறையிலயோ பூட்டின அலமாரிக்குள்ள இருக்கும். மறுபடி ஏத்துறதுக்கு முன்னாடி ஓவன், கெட்டில் எல்லாத்தையும் அணைச்சுடுங்க, இல்லைன்னா திரும்ப விழும். மீட்டர் எங்கே, சாவி எது, எந்த நெம்புகோல் உங்க வீட்டோடது, இந்த மூணையும் வந்து இறங்கின நிமிஷமே காட்டச் சொல்லுங்க. ராத்திரி பத்து மணிக்கு டார்ச் பிடிச்சுத் தேடுற வேலை இல்லை அது.

கேஸ் அடுப்புன்னா, பத்த வச்சதும் திருகை ஐந்து முதல் பத்து விநாடி அழுத்திப் பிடிச்சே இருக்கணும். உள்ளே இருக்கிற வெப்ப உணரி சூடாகாம விட்டீங்கன்னா தீ அணைஞ்சுடும். நிறையப் பேர் அடுப்பு ரிப்பேர்னு நினைச்சு வீட்டுக்காரரைக் கூப்பிடுவாங்க. திருகினாலும் கேஸே வரலைன்னா சிங்குக்கு அடியிலயோ பால்கனியிலயோ மஞ்சள் கைப்பிடி வால்வு இருக்கும். குழாய் போற திசையிலயே கைப்பிடி இருந்தா திறந்திருக்குன்னு அர்த்தம்.

வெந்நீர் அடுத்தது. ஐந்து பேருக்கு "கல்தாயா" வகை கேஸ் கீசர் இருந்தா கவலை இல்லை, அது ஓடஓட சூடாக்கும். 80 லிட்டர் மின் கீசர்னா வேற கணக்கு: 1.2 கிலோவாட் கம்பிக்கு முழுத் தொட்டியும் குளிர்ந்த நிலையிலிருந்து சூடாக மூணரை மணி நேரம் ஆகும். காலையில ரெண்டு பேர், ராத்திரி மூணு பேர்னு பிரிச்சுக் குளிக்கிறதுதான் வழி. அந்தக் கீசர் ஓடும்போது ஓவனும் போட்டா மேலே சொன்ன 3.3 கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சது.

உங்க தேதி கொஞ்சம் இக்கட்டானது. புளோரன்ஸ் இருக்கிற 'டி' காலநிலை மண்டலத்துல ஹீட்டிங் போட அனுமதி நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு 12 மணி நேரம், மேயர் தனியா உத்தரவு போட்டா மட்டும் மாறும். முதல் நாலு இரவு ரேடியேட்டர் சூடாகாம இருக்கலாம், அதுக்கு வீட்டுக்காரர் மேல கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. கல் சுவர் ஒரு தடவை குளிர்ந்துட்டா லேசுல சூடேறாது. ஏசி சூட்டையும் தர்ற வகையா, கூடத்துல இருக்கா படுக்கையறையிலயான்னு கேளுங்க. ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலா கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. (இ) வீட்டுக்காரர் உடனே பதில் போட்டார்: லிஃப்டுக்கு முன்னால் நாலு படி, மீட்டர் 4.5 கிலோவாட், கேஸ் கீசர். கார் விஷயமும், எட்டு மணிக்கு மேல் சாவி வாங்குவதும்தான் மிச்சம். "பாஸ்போர்ட் படங்களை அனுப்புங்கள்" என்றும் கேட்கிறார். அது சரியா?

நடைவழி:

நாலு படி என்று எண்ணிச் சொன்னாரே, அதுவே நல்ல அறிகுறி.

முதலில் கார். நகரைச் சுற்றிய வியாலி பெருஞ்சாலை வளையத்துக்குள் எல்லாமே இசட்.டி.எல்., அதாவது போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம், என்று எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத வண்டி நுழையக்கூடாது, வாசல்களில் கேமரா. பலகையில் "வார்கோ அத்தீவோ" என்று சிவப்பில் இருந்தால் தடை நடப்பில் இருக்கிறது. வழக்கமான நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7:30 முதல் இரவு 8, சனிக்கிழமை மாலை 4 வரை. எட்டுக்கு மேல்தானே வருகிறோம் என்று துணிந்துவிடாதீர்கள். பேருந்துத் தடங்களுக்கும் பாதசாரித் தெருக்களுக்கும் தனிக் கேமராக்கள் உண்டு, அவை கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரே மாலையில் இரண்டு வாசல் தாண்டினால் அபராதமும் இரண்டு வரலாம். வெளிநாட்டு முகவரிக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் வாடகை நிறுவனம் உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் பிடித்திருக்கும்.

கார் இனி தேவையில்லை என்றால் விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு டி2 டிராமில் வாருங்கள். அது 2025 முதல் சான் மார்கோ சதுக்கம் வரை போகிறது. அங்கிருந்து தசேலியோ நடக்கிற தூரம்தான். ஆனால் கார் வாடகை அலுவலகம் மூடும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காரை வைத்திருக்க வேண்டும் என்றால் வில்லா கொஸ்தான்சா நிறுத்துமிடம். ஏ1 நெடுஞ்சாலையை விட்டு வெளியே வராமலே உள்ளே போகலாம். அங்கிருந்து டி1 டிராம் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்கு அரை மணிக்குள் வந்துவிடும். பிறகு டாக்ஸி. டாக்ஸிகளுக்கு இசட்.டி.எல். தடை இல்லை, வீட்டு வாசலிலேயே இறக்குவார்கள். ஐந்து பேர் என்று சொல்லியே வண்டி கேளுங்கள். சாதாரண டாக்ஸியில் நாலு பேருக்குத்தான் இடம்.

முகவரி. புளோரன்ஸில் ஒரே தெருவுக்கு இரண்டு எண் வரிசை. வீடுகளுக்குக் கருப்பு அல்லது நீலம், கடைகளுக்குச் சிவப்பு. 24-ம் சிவப்பு 24-ம் அடுத்தடுத்து இருக்காது, நூறு மீட்டர் தள்ளிக்கூட இருக்கும். எண்ணுக்குப் பின்னால் "r" எழுத்து இருந்தால் சிவப்பு. வாசல் மணிப் பலகையில் வீட்டு எண்ணுக்குப் பதில் குடும்பப் பெயர்தான் இருக்கும். எந்தப் பெயரை அழுத்தணும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் கேட்பது முறைதான். தங்குபவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுக்காரர் பதிய வேண்டும், குழந்தை உட்பட. நேரில் சரிபார்க்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உள்துறை அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது, வழக்குகளும் நடந்தன. பழைய நகரத்தில் சுவரில் சாவிப்பெட்டி மாட்டுவதையும் 2025-ல் மாநகராட்சி தடை செய்துவிட்டது. ஆக, பெரும்பாலும் யாராவது ஆள் நேரில் வந்து நிற்பார்கள். தாமதமாக வந்தால் அதற்குக் கூடுதல் பணம் கேட்பது வழக்கம். எவ்வளவு என்பதை முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதி வாங்குங்கள். பாஸ்போர்ட் படத்தையும் அதே பெட்டி வழியாகவே அனுப்புங்கள்.

வீடு உண்மையானதா என்று பார்க்க சி.ஐ.என். எண், அதாவது சுற்றுலா வாடகை வீடுகளுக்கான தேசிய அடையாள எண். 2025 ஜனவரி முதல் எல்லா விளம்பரத்திலும் கட்டட வாசலிலும் அது இருந்தே ஆகணும். புளோரன்ஸ் வீடு என்றால் ஐ, டி என்ற இரண்டு எழுத்துக்குப் பின் 048017 என்று தொடங்கும். விளம்பரத்தில் எண்ணே இல்லை, அல்லது வேறு ஊர்க் குறியீடு இருக்கிறது என்றால் விலகிவிடுங்கள். "தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடமும் அப்படியே. பதிவு பெற்ற வீட்டில் கேஸ் கசிவு உணரி, கார்பன் மோனாக்சைடு உணரி, தீயணைப்பான் மூன்றும் சட்டப்படி கட்டாயம். கேஸ் கீசர் உள்ள வீடு என்பதால் உணரியில் விளக்கு எரிகிறதா என்று முதல் இரவே பாருங்கள்.

நகர வரி வாடகையில் சேராது. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு, அதிகபட்சம் தொடர்ந்து ஏழு இரவு. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிடையாது. உங்கள் மகளை விட்டுவிட்டு 4 பேர், 6 இரவு, 24 பங்கு. சில தளங்கள் முன்பே பிடித்துவிடுகின்றன; ரசீதைப் பார்க்காமல் கையில் மறுபடி கொடுக்காதீர்கள்.

தென்கரை:

(ஆ) பற்றி யாரும் சொல்லவில்லை. சாந்தோ ஸ்பிரிதோ அருமையான சதுக்கம், ஆனால் முதல் மாடியில் சதுக்கத்தைப் பார்த்த ஜன்னல் என்றால் நள்ளிரவு தாண்டியும் தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிற கூட்டத்தின் சத்தம் அறைக்குள் கேட்கும். கல் முகப்புகளில் பட்டு எதிரொலிக்கும். வியா தே பென்சி, சாந்தா குரோச்சே பக்கமும் அதே கதை. அதே கட்டடத்தில் உள்முற்றத்தைப் பார்த்த அறை என்றால் சத்தமே தெரியாது. காட்சிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட உள்முற்றத்துக்குக் கொடுப்பதையே நான் சொல்வேன். தசேலியோ மரங்கள் சூழ்ந்த அமைதியான சதுக்கம், மகள் விளையாடவும் இடம் உண்டு. சமையலுக்கு சாந்த் அம்ப்ரோஜியோ சந்தை பக்கத்திலேயே. காலையில் போங்கள், மதியத்துக்குள் கடை கட்டிவிடுவார்கள். நவம்பர் 1 அரசு விடுமுறை, அன்றைக்கு வேண்டியதை 31-ம் தேதியே வாங்கிவிடுங்கள்.

கதவு ஒரு விஷயம். இரும்புத் தகடு பதித்த வீட்டுக்கதவுக்கு வெளிப்பக்கம் பிடி மட்டும்தான், திருகு கிடையாது. காற்றில் சாத்திக்கொண்டால் பூட்டிக்கொள்ளும். உள்பக்கம் சாவியைச் செருகியே விட்டிருந்தால் பல பூட்டுகளில் வெளியிலிருந்து இரண்டாவது சாவியும் திறக்காது. குப்பை போட இறங்கும்போதுகூடச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தெருக்கதவைத் திறக்க உள்ளே சுவரில் ஒரு பொத்தான் இருக்கும், கதவிலிருந்து சில அடி தள்ளி.

குப்பையை உணவுக்கழிவு, காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக்-டப்பா, மிச்சம் என்று பிரிக்கணும். சில தொட்டிகள் மின்சாவி இல்லாமல் திறக்காது. அந்தச் சாவி வளையத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். குளியலறையில் ஷவர் பக்கம் தொங்குகிற கயிறு விளக்குக்கு அல்ல, அவசர மணி. மகளிடம் சொல்லி வையுங்கள்.

வைகைக்கரை:

(இ) உறுதி செய்துவிட்டோம். எண் 048017-இல்தான் தொடங்குகிறது. கம்பளி ஐந்து, மின்சாவி, மணிப் பலகைப் பெயர், தாமதக் கட்டணம் நான்கையும் செய்திப் பெட்டியில் கேட்டிருக்கிறேன். ஒன்று மட்டும்: சோஃபா-பெட்டில் அப்பா படுக்கலாமா?

கல்தச்சன்:

வேண்டாம். மெல்லிய மெத்தை என்றால் நடுவில் குறுக்குக் கம்பி முதுகில் இடிக்கும். மெத்தை எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். 14-க்குக் குறைந்தால் குழந்தைக்குத்தான் சரி. அதில் மகளைப் போடுங்கள், பெரியவர்கள் இருவருக்கும் குளியலறைக்கு அருகில் உள்ள படுக்கையறை.